தார்ப்பாய் வாங்கும் முன் சற்றே சிந்திப்போம்!

ஐப்பசி பிறந்தால் கொல்லிமலை வணிகர்களுக்கு ஒரு தனிக் கவலை பிறந்துவிடும். கீழே சேந்தமங்கலத்திலும் நாமக்கல்லிலும் மழை பெய்தால் இரண்டு மணி நேரத்தில் வெயில் அடித்துத் தரை காய்ந்துவிடும். நம் மலையில் அப்படியல்ல. மழை நின்ற பிறகு சாரல், சாரல் நின்ற பிறகு பனிமூட்டம், பனிமூட்டம் விலகினால் ஊதல் காற்று என்று மார்கழி வரை ஈரம் நம்மை விட்டுப் போவதில்லை. இந்த மூன்று மாதமும் கடைக்குப் பின்னால், திண்ணையில், சாய்ப்பில் அடுக்கி வைத்திருக்கும் மூட்டைகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதே நம் ஒவ்வொருவர் தலையிலும் இருக்கும் கேள்வி.

இதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் ஒரே விடை தார்ப்பாய். மழை தொடங்கும்போது நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ போகிறோம். கண்ணில் பட்ட நீலப் படுதாவை, எது மலிவோ அதை வாங்குகிறோம். மூட்டைகளைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டுகிறோம். "இனிக் கவலையில்லை" என்று கல்லாவில் வந்து உட்கார்ந்துவிடுகிறோம். தை மாதம் அவிழ்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது. படுதா கிழிந்திருக்கும், அல்லது உள்ளே சரக்கு பூசணம் பூத்திருக்கும். பல வேளைகளில் இரண்டும் நடந்திருக்கும்.

இது வருடா வருடம் நடக்கிறது. வருடா வருடம் மழையைக் குறை சொல்கிறோம். குற்றம் மழையின் மீது இல்லை, நாம் மூடும் முறையின் மீது இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. குறைந்த செலவில் மூடுவது வேறு, மலிவாக மூடுவது வேறு என்பதை நம் சங்க உறுப்பினர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கெட்டது எதனால்?

இதை நான் பிறரிடம் கேட்டு எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், விலை ஏறட்டும் என்று நிறுத்தி வைத்திருந்த ஐந்து மூட்டை மிளகை என் கடையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் அடுக்கி, புதுத் தார்ப்பாயால் தலை முதல் கால் வரை சுற்றி, ஒரு துளி மழைகூட நுழையாதபடி கட்டி வைத்தேன். பன்னிரண்டு நாள் விடாத மழை. பிறகு ஒரு நாள் வெயில் வந்ததும் அவிழ்த்தேன். தார்ப்பாயில் ஒரு கிழிசல் இல்லை. ஆனால் அதன் உட்புறம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். மேல் இரண்டு மூட்டைகளின் சாக்கு நனைந்து, உள்ளே மிளகு வெள்ளை பூத்திருந்தது. மழை உள்ளே வரவில்லை. பின் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து வந்தது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 13 கிராம்தான் தாங்கும். மிச்சம் 10 கிராம் தண்ணீராக மாறி, குளிர்ந்த பொருள் எதுவோ அதன் மீது படியும். இரவில் முதலில் குளிர்வது தார்ப்பாய்தான். அதன் உட்புறத்தில் படிந்த நீர் துளியாகி மூட்டை மீதே சொட்டுகிறது. மறுநாள் பகலில் அது ஆவியாகிறது, இரவில் மீண்டும் சொட்டுகிறது. இதற்கு மேல் மண் தரையிலிருந்து ஏறும் ஈரமும், சரக்கிலேயே மிச்சமிருக்கும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. இறுகக் கட்டியதால் வெளியே போக வழியில்லை. இட்லிப் பானையை மூடியைப் போல் நாம் சரக்கை மூடி வைத்து அவிக்கிறோம் என்பதே உண்மை.

மிளகு 11 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. காப்பிக்கொட்டைக்கு 10 முதல் 12 சதவீதம். இந்த அளவுக்குக் காய வைக்க விவசாயி எத்தனை நாள் களத்தில் நின்றிருக்கிறான்! அவன் வெயிலில் நின்று போக்கிய ஈரத்தை நாம் மூட்டைக்குள் திரும்ப ஏற்றுகிறோம்.

படகுக்காரர் செய்வதைப் பாருங்கள்

மலையில் நாம் அறிந்த படகு வாசலூர்பட்டிப் படகு இல்லத்தோடு சரி. ஆனாலும் மூடுகிற கலையை நாம் படகுக்காரர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் தார்ப்பாயே அவர்கள் கொடுத்ததுதான். பழங்காலக் கப்பல் மாலுமிகள் கித்தான் துணிக்குத் தார் பூசி மழைக்கும் அலைக்கும் மூடினார்கள். அதிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்லை நாம் தார்ப்பாய் என்று ஆக்கிக்கொண்டோம். நம் மொழியில் பாய் என்றால் படுக்கும் பாயும் உண்டு, படகை ஓட்டும் பாயும் உண்டு. பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சிறு பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்தால் படகைத் தண்ணீரிலிருந்து கரைக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஏரியும் துறைமுகமும் உறைந்து போகும் நாடுகள் அவை. ஐந்தாறு மாதம் படகு கரையிலேயே கிடக்கும். எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. கொட்டகை வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? படகின் பாய்மரத்தைக் கழற்றி, அதையே படகின் நீளவாக்கில் மேலே முகட்டு வளையைப் போல் படுக்க வைக்கிறார்கள். அதன் மேல் சாதாரணத் தார்ப்பாயை இருபுறமும் கூரை போலச் சரித்துப் போடுகிறார்கள். ஓரங்களைப் படகின் அடி வழியாகக் கயிறு கொடுத்துக் கட்டுகிறார்கள். சிலர் கட்டுவதற்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய புட்டிகளையோ மணல் பைகளையோ ஓரத்தில் தொங்க விடுகிறார்கள். முன்னும் பின்னும் இரண்டு முனையையும் திறந்தே விடுகிறார்கள்.

இரண்டு முனையையும் ஏன் திறந்து விட வேண்டும்? பனியும் மழையும் படகைக் கெடுப்பதைவிட, உள்ளே அடைபட்ட ஈரக்காற்று அதிகம் கெடுக்கும் என்பது அவர்கள் அனுபவம். பாயும் மெத்தையும் கயிறும் பூசணம் பிடிக்கும், மரம் உளுத்துப் போகும். ஆகவே அவர்கள் படகைச் சுற்றிக் கட்டுவதில்லை. படகுக்கு மேல் ஒரு கூரை போடுகிறார்கள்.

கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் மளிகைத் தொழிலுக்குப் பல தலைமுறையாகச் சரக்கு சுமந்த தூத்துக்குடித் தோணிகள் இருக்கின்றன. இன்று எஞ்சின் வைத்து ஓடினாலும் தோணி என்ற பெயர் போகவில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் பருப்பும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் சென்றவை அவை. காற்று வலுக்கும் மாதங்களில் தோணி கரையில் நின்று பழுது பார்க்கப்படும். மீன்பிடி படகுகளுக்கும் ஓய்வுக் காலம் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக இருக்கிறது. அந்த நாட்களில் கரை ஏறிய மரப்படகை வெயிலில் பலகை பிளக்காமல் காக்கத் தென்னங்கீற்றை மேலே போடுவது பழைய வழக்கம். கீற்று நிழல் தரும், மழையை வழித்து விடும், காற்றையும் உள்ளே விடும். காசு இல்லாதவன் கண்டுபிடித்த மூடி அது. அறிவு இல்லாதவன் கண்டுபிடித்ததல்ல.

சரக்குக் கப்பல் மாலுமிகளிடம் இன்னொரு விதியும் இருக்கிறது. கப்பலின் அடிக்கிடங்கைக் காற்றாடத் திறப்பதா மூடுவதா என்று அவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருந்தால் திற, ஈரமாக இருந்தால் மூடு என்பதே விதி. நம் மலைக்கு இதை மொழிபெயர்த்தால், பனி விலகி வெயில் ஏறிய பிறகு, ஏறத்தாழப் பத்து மணிக்கு மேல் திறக்க வேண்டும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் மூட வேண்டும். நாள் முழுதும் மூட்டம் போட்டிருந்தால் திறக்கவே கூடாது. "காற்றாடட்டும்" என்று பனிமூட்டத்தில் திறந்து வைப்பவரும், "மழைக்காலம் ஆயிற்றே" என்று நல்ல வெயிலில் மூடி வைப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

அரசின் கிடங்கும் நமக்குப் பாடமே

கொட்டகை இல்லாத இடத்தில் தானியத்தை வைக்க இந்திய உணவுக் கழகம் பல காலம் கையாண்ட முறை ஒன்று உண்டு. மேடை போட்டு, மேடை மீது மரச்சட்டங்களை அடுக்கி, அதன் மேல் மூட்டைகளைக் கட்டடம் போல் அடுக்கி, 250 மைக்ரான் கனமுள்ள கறுப்புப் பாலிதீன் உறையால் மூடுவார்கள். நல்ல வெயில் நாளில் உறையைத் தூக்கிக் காற்றாட விட வேண்டும் என்பது அம்முறையின் முக்கியமான பகுதி. எங்கெல்லாம் மேடை தாழ்வாக இருந்ததோ, எங்கெல்லாம் உறையைத் தூக்கிவிட ஆள் வரவில்லையோ, அங்கெல்லாம் தானியம் முளைத்துப் போன செய்தியை நாம் படித்திருக்கிறோம். டெல்டா மாவட்டங்களில் நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டியது என்று விவசாயி திருப்பி அனுப்பப்படுவதும், அதே நெல் நிலைய வாசலில் படுதாவுக்கு அடியில் கிடந்து மேலும் ஈரமாவதும் நமக்குத் தெரிந்த காட்சியே. உறை நல்லதாக இருந்தும் மேடையும் காற்றும் கவனிப்பும் இல்லாவிட்டால் பயன் இல்லை என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது.

தராசு நம் கையில் இருக்கிறதே!

இனித் தார்ப்பாய் வாங்கும் விஷயத்துக்கு வருவோம். நாமே வியாபாரிகள். ஆனால் தார்ப்பாய் வாங்கும்போது மட்டும் ஏமாளி வாடிக்கையாளராக மாறிவிடுகிறோம்.

பின்னிய பிளாஸ்டிக் தார்ப்பாயின் தரம் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் சொல்லப்படும். இதைத்தான் ஜிஎஸ்எம் என்கிறார்கள். 12 அடிக்கு 18 அடி தார்ப்பாய் என்றால் 216 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்றால் அதன் எடை 4 கிலோ இருக்க வேண்டும். இரண்டரைக் கிலோதான் இருக்கிறது என்றால் அது 125 ஜிஎஸ்எம். சந்தேகம் இருந்தால் எடை போடுங்கள். ஊருக்கே எடை போடுகிறவன் தனக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளக் கூடாதா? அடி அளவையும் டேப் வைத்துப் பாருங்கள். ஓரம் மடித்துத் தைத்ததில் அரை அடி குறைந்திருக்கும்.

அடுத்தது வெயில் தாங்கும் மருந்து. மழையைவிட வெயில்தான் பிளாஸ்டிக்கின் எதிரி. வெயில் தாங்கும் மருந்து கலக்காத படுதா, பார்வைக்கு எத்தனை பளபளப்பாக இருந்தாலும், ஒரு கோடையிலேயே நொறுங்கத் தொடங்கிவிடும். கறுப்பில் கலக்கும் கரிப்பொடி வெயிலைத் தாங்க உதவும், ஆனால் சூட்டை இழுக்கும். வெள்ளி நிறம் சூட்டைத் திருப்பி அனுப்பும். மெல்லிய நீலப் படுதா பெரும்பாலும் ஒரு பருவத்துக்கானது என்று நினைத்தே வாங்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்ப் படுதா ஒரு வருடம் உழைத்து, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்த் தார்ப்பாய் நான்கு வருடம் உழைத்தால் எது மலிவு? முதலாவதற்கு நான்கு வருடத்தில் நாலாயிரம் ஆகிறது. இதிலே கெட்ட சரக்கைச் சேர்க்கவில்லை. மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ மூட்டை முப்பதாயிரம். பூசணத்தால் பத்து சதவீத விலை குறைந்தால் ஒரு மூட்டைக்கு மூவாயிரம் போகிறது. ஒரு மூட்டையில் விட்ட காசில் நல்ல தார்ப்பாயே வாங்கியிருக்கலாம்.

அதே சமயம், விலை உயர்ந்த தார்ப்பாயை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. என் மிளகைக் கெடுத்தது நல்ல தார்ப்பாய்தான். தவறாகக் கட்டினால் நல்ல தார்ப்பாய் இன்னும் நன்றாகக் கெடுக்கும், ஏனென்றால் அதில் காற்று புகக் கிழிசல்கூட இருக்காது!

மூடும் முறை

நம் கடைகளுக்குப் பொருந்தும்படி சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

முதலாவது, அடி. மூட்டை மண்ணையோ சிமெண்டுத் தரையையோ தொடக் கூடாது. மரச்சட்டமோ, செங்கல் மேல் மூங்கிலோ வைத்து அரை அடியாவது உயர்த்துங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். தரைக்கு ஒரு பழைய பாலிதீன் தாளை விரித்தால் மண்ணின் ஈரம் மேலே ஏறாது. கிழிந்த பழைய படுதாவுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

இரண்டாவது, முகடு. அடுக்கின் நீளவாக்கில் இரு முனையிலும் கவட்டுக் கம்பு நட்டு, மேலே ஒரு மூங்கிலை முகடாகப் போடுங்கள். பக்கவாட்டில் மூன்றடி அகலத்துக்கு இரண்டடியாவது சரிவு இருக்கட்டும். தட்டையாகப் போட்டால் குழி விழுந்து தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அதன் எடை ஐம்பது கிலோ, ஒரு சிப்பம் அரிசியை மேலே தூக்கி வைத்தது போல. 12க்கு 18 தார்ப்பாய் மீது ஐம்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஆயிரம் லிட்டர். அது வழிந்து ஓட வழி வேண்டாமா?

மூன்றாவது, இடைவெளி. தார்ப்பாய் மூட்டையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். அப்போது உட்புறம் படியும் நீர் சரிவில் வழிந்து ஓரமாகச் சொட்டும், சரக்கின் மேல் விழாது. இரண்டு முனையிலும் தார்ப்பாயை இரண்டடி வெளியே நீட்டி விடுங்கள். சாரல் உள்ளே வராது, காற்று போய் வரும்.

நான்காவது, கட்டு. காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் தார்ப்பாய்தான் சீக்கிரம் கிழியும். தேங்காய்நார்க் கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் கயிறு நனைந்தால் நீளும். ஆகவே கயிற்றுக்கு நடுவே பழைய சைக்கிள் டியூபை ஒரு முழம் சேர்த்துக் கட்டினால் காற்று இழுக்கும்போது அது நீண்டு கொடுக்கும், தார்ப்பாயின் கண்ணி பிய்யாது. கண்ணி பிய்ந்துவிட்டால் தார்ப்பாயைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு கூழாங்கல்லை உட்புறம் வைத்து, வெளியே கழுத்தைப் போலச் சுருக்கிக் கயிறு கட்டுங்கள். கண்ணியைவிட அது உறுதி. ஆணியும் மூங்கில் முனையும் உரசும் இடத்தில் பழைய சாக்கைச் சுற்றி விடுங்கள். கட்ட இடமில்லாத பக்கத்தில் மணல் பையைத் தொங்க விடலாம். படகுக்காரர் வழி நமக்கும் ஆகும்.

ஐந்தாவது, கவனிப்பு. வாரம் ஒரு முறை தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். சாக்கு சில்லென்று ஒட்டினால் வெயில் வந்தவுடன் திறக்க வேண்டும். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் என்ற ஒழுங்கை மழைக்காலத்திலும் விடாதீர்கள்.

"குடோன் கட்டிக்கொள்ளலாமே?"

இப்படிச் சொல்லும் அன்பர்கள் உண்டு. கட்ட முடிந்தவர் கட்டட்டும், மிக நல்லது. ஆனால் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் மணலுக்கும் கம்பிக்கும் என்ன விலை என்பது கட்டினவருக்குத் தெரியும். திருப்புலி நாட்டில் ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் இருபது மூட்டை வைக்கக் குடோன் கட்டி, அந்த முதலை எப்போது எடுப்பார்? வருடத்தில் மூன்று மாதத் தேவைக்கு மூன்று மாத ஏற்பாடு போதும். அந்த ஏற்பாடு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

"கொஞ்சம் பூசணம் பட்டால் என்ன? வெயிலில் போட்டுத் துடைத்து, நல்லதோடு கலந்து விட்டால் போயிற்று" என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. மனம் நோகாமல் ஒன்று சொல்ல வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்தபோது தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அதற்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது கல்லீரலைத் தாக்கும். நிலக்கடலை, மிளகாய் வற்றல், மக்காச்சோளம் எல்லாவற்றிலும் அது வரக்கூடும். பூசணத்தைத் துடைத்தாலும் நஞ்சு போகாது, வீட்டில் சமைக்கிற சூட்டிலும் முழுதாக அழியாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன்படி பாதுகாப்பற்ற உணவுப் பொருளை விற்பது குற்றம். சட்டத்தை விடுங்கள். நம்மிடம் சாமையும் மிளகும் வாங்குகிறவர் நம் பக்கத்து ஊர்க்காரர். அவர் பிள்ளை சாப்பிடும் சோற்றில் நாம் எதைக் கலக்கிறோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மலைவாழ் விவசாயி மிளகு மூட்டையைக் கொண்டு வந்தால் கையை விட்டு அள்ளிப் பார்த்து, "ஈரம் இருக்கிறது" என்று கிலோவுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் குறைக்கிறோம். அது தொழில் முறை, தவறில்லை. ஆனால் அவரிடம் காய்ந்ததை வாங்கி, நம் தாழ்வாரத்தில் ஈரமாக்கி, கீழே மொத்த வியாபாரி நமக்கு விலை குறைத்தால், அடுத்த வாரம் அந்த நஷ்டத்தையும் விவசாயி தலையிலேயே கட்டுகிறோமா இல்லையா? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். கொல்லிமலை மிளகுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் விவசாயி. காப்பாற்றும் பொறுப்பு நம்முடையது.

சங்கம் செய்ய வேண்டியது

தனி ஒருவரால் ஆகாததைச் செய்யத்தானே சங்கம் இருக்கிறது? மூன்று காரியங்களைச் சங்கத்தின் கவனத்துக்கு வைக்கிறேன்.

ஒன்று, ஆவணி மாதத்திலேயே உறுப்பினர்களிடம் தேவையைக் கேட்டு, ஜிஎஸ்எம்மையும் வெயில் தாங்கும் தரத்தையும் எழுத்தில் குறிப்பிட்டு, மொத்தமாகத் தார்ப்பாய் வாங்க வேண்டும். முப்பது கடைக்குச் சேர்த்து வாங்கும்போது விலையும் குறையும், தரத்தைக் கேட்கும் தைரியமும் வரும். வந்த சரக்கை நம் தராசிலேயே எடை போட்டுத்தான் இறக்க வேண்டும்.

இரண்டு, சோளக்காடு சந்தையிலும் மற்றச் சந்தைகளிலும் மழை நாளில் விவசாயியின் மூட்டை சேற்றில் இறங்குகிறது. இடுப்பளவு வேண்டாம், முழங்கால் அளவுக்கு ஒரு மேடையும் அதன் மேல் முகட்டுக் கம்பியும் அமைத்துக் கொடுத்தால் போதும். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து விடலாம். இதற்கு உள்ளாட்சி அமைப்பிடம் சங்கம் முறைப்படி மனுக் கொடுக்க வேண்டும். பாதிச் செலவை நாமே ஏற்க முன்வந்தால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூன்று, உழைத்து ஓய்ந்த தார்ப்பாய். நொறுங்கிய படுதாவை ஓடையிலும் காட்டோரத்திலும் வீசுகிறோம். அது மக்காது. நூல் நூலாகப் பிரிந்து மாட்டின் வயிற்றுக்கும் ஓடை நீருக்கும் போகிறது. பழையவற்றைச் சங்கமே ஓரிடத்தில் சேர்த்து, சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் பழைய பிளாஸ்டிக் வாங்குபவருக்கு அனுப்பலாம். கிடைக்கும் சில்லறைக் காசைவிட மலை சுத்தமாக இருப்பது நமக்கு லாபம். சுற்றுலாப் பயணிகளும் நம் வாடிக்கையாளர்கள்தானே?

வேளாண்மைத் துறை அவ்வப்போது மானிய விலையில் விவசாயிகளுக்குத் தார்ப்பாய் வழங்குகிறது. நம்மிடம் சரக்குப் போடும் விவசாயிகளுக்கு அந்தத் தகவலைச் சொல்லி, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் வணிகரின் கடமையே என்று கருதுகிறேன். மண் தரையில் காயாமல் சுத்தமான விரிப்பில் காய்ந்த மிளகு நம் கடைக்குத்தான் வரப்போகிறது.

வெள்ளம் வரும் முன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். இந்த ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு கடையிலும் ஒரு மூங்கில், நான்கு மரச்சட்டம், ஒரு பழைய சைக்கிள் டியூப் தயாராக இருக்கட்டும். பனி உறையும் நாட்டில் ஒரு படகுக்காரன் தன் பாய்மரத்தையே முகடாக்கித் தன் படகைக் காப்பாற்றிக்கொள்கிறான். மூங்கிலுக்குப் பஞ்சமில்லாத மலையில் இருக்கும் நாம் நம் சரக்கைக் காப்பாற்ற முடியாதா? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வருவோம்.